ஞானஸ்நானமும் நாலாவது கேள்வியும்

பிள்ளைகளா,

கோயிலில் சாமியாருக்குத் துணையாக என் இடத்துக்கு வந்திருக்கும் புது உபதேசியார் தம்பி போன வாரம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். முப்பத்தைந்து வருஷ அனுபவத்தைச் சொல்லுங்கள், பதிந்துகொள்கிறேன் என்றார். நான் ஞானஸ்நானம் என்று ஆரம்பித்தேன். "இப்போ திருமுழுக்குன்னு சொல்லணும் ஐயா" என்றார். சரி, நான் உபதேசியாராக இருந்தபோது என்றேன். "வேதியர், ஐயா" என்றார். அதற்குமேல் வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. இத்தனை வருஷமும் நான் வேறு ஏதோ வேலை பார்த்துவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அதே வாரத்தில் நம்ம மூத்தவன் திருப்பூரிலிருந்து போன் போட்டான். "அம்புட்டு வருஷம் கோயிலு கோயிலுன்னு ஓடுனீகளே அய்யா, கோயிலு ஒங்களுக்கு என்னத்தச் செஞ்சுச்சு?"

என்ன செய்யவில்லை? ஓய்வு பெற்ற அன்று பொன்னாடை போர்த்தினார்கள். முந்தின மாதம் மறைமாவட்ட ஆயருக்குப் போர்த்திய அதே பொன்னாடை. மடிப்புக்குள் அவருடைய மாலையிலிருந்து உதிர்ந்த ரோஜா இதழ் ஒன்றுகூட இருந்தது. ஆடையோடு ஆசீரும் சேர்ந்து கிடைத்தது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமே. அதற்காகத்தான் எழுதுகிறேன். ஊர்ப் பெயரை எழுதவில்லை. பெரியபட்டினத்துக்குப் பக்கத்துக் கடற்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரை எழுதினால் ஊர்க் கமிட்டிக்காரர்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். அதில் இரண்டு பேர் இன்னும் நல்ல குரலோடு இருக்கிறார்கள்.

நான் பிறந்தது முதுகுளத்தூர்ப் பக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். மிளகாய்க் கொல்லையில் கூலி வேலை பார்த்த குடும்பம். பெயர் கருப்பையா. ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. இருபது வயதில் ஞானஸ்நானம் வாங்கிச் சந்தியாகு ஆனேன். எங்கள் ஊரில், "கோதுமைக்கும் பால்பவுடருக்கும் வேதத்துல சேந்துட்டான்" என்றார்கள். எழுபத்து நாலில் உபதேசியாராகக் கடற்கரைக்கு வந்தேன். தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்து வேதத்தில் இருக்கும் இந்த ஊர்க்காரர்கள், "கோதுமை தீந்தா போயிருவான்" என்றார்கள். மதத்தால் பிரிந்தாலும் கோதுமையில் இரண்டு ஊரும் ஒன்றாக இருந்தன. உண்மை என்னவென்றால், நான் சேர்ந்த நேரம் கோயில் வழியாக இனாம் கோதுமை வருவது நின்றுபோயிருந்தது. மிச்சம் இருந்தது வேதம் மட்டும்தான்.

எதற்காகச் சேர்ந்தேன் என்று யாரும் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். அதுவரை என்னை எல்லோரும் "ஏலே" என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு பெரிய மனிதர் என் தலையைத் தொட்டு, தண்ணீர் ஊற்றி, எனக்கென்று ஒரு பெயரை முழுசாகச் சொல்லிக் கூப்பிட்டது அன்றுதான். கழுத்து வழியாக முதுகில் இறங்கிய அந்தத் தண்ணீரின் குளிர்ச்சி இன்னும் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு திருச்சபையை நான் திட்டாத நாள் குறைவு, விட்டுப்போக நினைத்த நாள் ஒன்றுகூட இல்லை. பெற்ற தாயைத் திட்டுகிற உரிமை மகனுக்கு உண்டல்லவா?

உபதேசியார் பயிற்சி இரண்டு மாதம் நடந்தது. அதில் எனக்கு நன்றாக நினைவிருப்பது ஒரு தேங்காய். சாகக் கிடக்கிற பிள்ளைக்குச் சாமியார் வந்து சேருமுன் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது சபைச் சட்டம். ஆணோ பெண்ணோ, எந்த மதமோ, தடையில்லை. முறை மட்டும் தப்பக் கூடாது. அதைப் பழகத்தான் தேங்காய். குடுமியோடு இருக்கும் தேங்காயை இடது கையில் ஏந்தி, வலது கையால் தண்ணீர் ஊற்ற வேண்டும். தலை நனைந்தால் போதாது, தண்ணீர் ஓட வேண்டும். ஓடுகிறபோதே, "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். ஊற்றுகிறவர்தான் சொல்ல வேண்டும். ஒருவர் ஊற்றி இன்னொருவர் சொன்னால் செல்லாது. "நான் கொடுக்கிறேன்" என்கிற அந்த நான் ஒரே ஆளாக இருக்க வேண்டும்.

இதையெல்லாம் நோட்டில் எழுதினேன். கடைசி விதிக்கு அடிக்கோடும் போட்டேன். அடிக்கோடு போட்டதும் மறந்துவிட்டேன். அடிக்கோடு அதற்குத்தானே.

இங்கே எனக்கு வாய்த்த பங்குச்சாமியார் இன்னாசிமுத்து சாமி. ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி. கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார். கண்ணாடியைக் கழற்றி அங்கியின் நுனியால் துடைப்பார். துடைக்கத் துடைக்க எதிரில் நிற்பவனுக்கு வேர்க்கும். அவசர ஞானஸ்நானம் நடந்தது என்று யார் வந்து சொன்னாலும் அவர் கேட்பது மூன்றே கேள்வி.

"என்ன தண்ணி? என்ன வார்த்தை? என்ன மனசு?"

அதாவது சுத்தமான தண்ணீர்தானா, சபை சொல்லித்தந்த வார்த்தைதானா, சபை செய்வதைச் செய்கிறோம் என்ற மனசு இருந்ததா. மூன்றும் சரியென்றால் ஞானஸ்நானம் செல்லும். ஒன்று பிசகினாலும் கண்ணாடி கழன்றுவிடும்.

ஒருமுறை ஒரு பெரியவர் வந்தார். தீவில் அக்காள்மடத்துக்கு மகளைப் பார்க்கப் போன இடத்தில் பேரனுக்கு வலிப்பு வந்து, இவரே ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார். பிள்ளை பிழைத்துக்கொண்டது.

"என்ன தண்ணி?" என்றார் சாமி.

"எளநி, சாமி. அப்பத்தான் சீவுனது."

கண்ணாடி கழன்றது. "எளநி தண்ணியாய்யா?"

"எளநீர்னு பேருலயே நீர் இருக்கே, சாமி."

சாமி ரொம்ப நேரம் துடைத்தார். "வாசல்ல கடல் கெடக்கு. உப்போ கரிப்போ, அது தண்ணி. அத ஊத்திருந்தா செல்லும். மரமேறி எளநி வெட்டி, சீவி, ஊத்திருக்கீரு. இதுக்குள்ள கடலுக்குப் போயி ரெண்டு தரம் வந்துருக்கலாம்." அந்தப் பிள்ளைக்கு மறுபடி ஞானஸ்நானம் நடந்தது. பெரியவருக்குக் கடைசிவரை மனம் ஆறவில்லை. விலையுயர்ந்த சரக்கைத் தள்ளிவிட்டுச் சாதாரணக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றுகிறார்களே என்று.

இப்போது மைமூன் லாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். லாத்தா என்றால் முஸ்லிம்கள் வழக்கில் அக்கா. பெரியபட்டினத்து மருத்துவச்சி. அவர்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் பிள்ளை எடுத்தது அந்த ஒரே அம்மாள். கமிட்டியில் உட்கார்ந்து மீசை முறுக்கியவர்களில் பாதிப்பேர் முதன்முதலில் தொங்கியது அந்தக் கையில்தான், தலைகீழாக.

கர்ப்பிணிப் பெண்களுக்கு அவசர ஞானஸ்நான முறையைச் சொல்லிக்கொடுக்கச் சாமி என்னிடம் சொன்னார். லாத்தாவையும் வரச் சொன்னேன். தேங்காயோடு நான் செய்து காட்டியதைக் கவனமாகப் பார்த்தது. பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டது.

"உபதேசியாரே, தண்ணி ஊத்துறேன், அது ஒண்ணும் பெருசில்ல. அந்த மூணு பேரைச் சொல்லுறீகள்ல, அது எனக்கு வாயில வராது. எங்களுக்கு ஒருத்தன்தான். நாளைக்கு அவனுக்கு நான் பதில் சொல்லணும்ல."

மனசாட்சி உள்ள பேச்சு. அதைக் கேட்டு எனக்குள் வேதாகமத்து ஞானி சாலமோன் ராஜா இறங்கிவிட்டார். "ஒண்ணும் கஷ்டமில்ல லாத்தா. நீங்க ஊத்துங்க. வார்த்தைய அந்தத் தாய சொல்லச் சொல்லுங்க" என்றேன். அதன் முகம் தெளிந்தது. என் முகம் அதைவிடத் தெளிந்தது. சாமியாரைக் கேட்காமலேயே இரண்டு மதத்துக்கும் நோகாமல் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன் என்ற பெருமையில் அன்றைக்கு நடையே மாறிவிட்டது.

கொஞ்ச காலத்தில் ஊர்த்தலைவர் மிக்கேல் வீட்டுப் பேத்தி மூச்சில்லாமல் பிறந்தாள். லாத்தா ஊற்ற, தாய் சொல்ல, ஞானஸ்நானம் ஆயிற்று. பிள்ளை பிழைத்தது. சாமி மூன்று கேள்வி கேட்டார். கிணற்றுத் தண்ணீர், சரியான வார்த்தை, சரியான மனசு. கொடுத்தவர் என்ற இடத்தில் "அவசரம்" என்று மட்டும் போட்டுப் பதிவேட்டில் ஏறியது. எல்லோருக்கும் சந்தோஷம்.

ஏழு வருஷம் கழித்து ஒரு நாள் காலையில் சூசையின் மனைவி ஞானசௌந்தரிக்குப் பிள்ளை பிறந்தது. தலைச்சன், ஆண். நீலம் பூத்துப் பிறந்த பிள்ளை. லாத்தா சொம்பை எடுத்தது, அந்தோணி என்று பெயரிட்டு ஞானசௌந்தரி வார்த்தையைச் சொன்னாள். சூசை கடலிலிருந்து கரைக்கு வந்தபோது பிள்ளை போய்விட்டது. சாமி அன்று கிளைக் கிராமத்தில் பூசைக்குப் போயிருந்தார்.

சூசை பிள்ளையை வெள்ளை வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு வந்தான். நான் முன்னால் போனேன். கேட் பூட்டியிருந்தது. சாவி கமிட்டியிடம். கமிட்டி கேட் முன்னால்.

மிக்கேலைக் கோயிலுக்குள் பார்க்க வேண்டுமானால் திருவிழாவில் பார்க்கலாம், சப்பரம் தூக்கும் முன்கொம்பு யாருக்கு என்ற சண்டையில். அன்றைக்கு அவர் திருச்சபைச் சட்டம் பேசினார்.

"ஏலே சூசை, ஒனக்கு நடந்தது துக்கந்தான். ஆனா ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்கு மதிலுக்கு வெளியதான் எடம். பாய் வீட்டுப் பொம்பள ஊத்துனது எந்த ஊரு ஞானஸ்நானம்?"

மதிலுக்கு வெளியே என்றால் கருவைக் காடு. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைகளையும் நாண்டுகொண்டு செத்தவர்களையும் அங்கேதான் புதைத்தார்கள். சிலுவை கிடையாது, பெயர் கிடையாது, ஆடு மேயும். சூசை வெயில் படாமல் துண்டால் பிள்ளைக்கு மறைப்புப் பிடித்தபடி நின்றான். "அவகிட்ட உள்ள வச்சுட்டு வாரேன்னு சொல்லிட்டு வந்துருக்கேன் உபதேசியாரே" என்று என்னிடம் மட்டும் சொன்னான்.

எனக்குக் கோபம் வந்தது. "தலைவரே, அதே கைதான் ஒங்க பேத்திக்கும் ஊத்துச்சு. இது செல்லாதுன்னா அதுவும் செல்லாது. அடுத்த மாசம் மொத நற்கருணை வாங்கப் புதுநன்மைக்கு அவ பேரக் குடுத்துருக்கீக. எடுத்துறவா?"

மிக்கேலுக்கு அதே நிமிஷத்தில் ஞானம் பிறந்தது. "நான் செல்லாதுன்னா சொன்னேன்? விசாரிக்கணும்னுதான சொன்னேன்" என்றார்.

"விசாரிக்க என்ன இருக்கு? வார்த்தை முழுசும் ஞானசௌந்தரி சொன்னது. லாத்தா தண்ணி மட்டுந்தான் ஊத்துனாக" என்றேன் பெருமையாக.

சொல்லி முடித்த பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது என் காதில் விழுந்தது. ஒருவர் ஊற்ற, ஒருவர் சொல்ல. நோட்டும் அடிக்கோடும் தேங்காயும் கண் முன்னால் வந்து நின்றன. கமிட்டிக்காரர்கள் தலையாட்டினார்கள். அவர்களுக்கு அந்த விதி தெரியாது. ஊரிலேயே சாமிக்கும் எனக்கும்தான் தெரியும். மிக்கேல் சாவியை எடுத்துக் கேட்டைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்துச் சாமி சைக்கிளில் வந்து இறங்கினார். சூசையின் தலையில் கைவைத்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"என்ன தண்ணி?"

"கெணத்துத் தண்ணி சாமி."

"என்ன வார்த்தை?"

முழுசாகச் சொன்னேன்.

"என்ன மனசு?"

"பிள்ளை மோட்சம் போகணும்னுதான் சாமி."

"சரி. உள்ள கொண்டு போங்க."

மூன்றுக்கும் நான் சொன்னது உண்மை. பொய்யே சொல்லாமல் பிள்ளை உள்ளே போகிறது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா என்று உங்கள் அம்மா இன்றைக்கும் கேட்பாள். நியாயமான கேள்விதான். ஆனால் என்னால் முடியவில்லை. வாயை மூடிக்கொண்டால் கிடைத்துவிடுகிற காரியம்தான் ஞானஸ்நானம் என்றால், இருபது வயதில் என் முதுகில் இறங்கியதும் வெறும் தண்ணீர்தான். என்னைக் கோதுமை என்றவர்கள் சொன்னதும் சரிதான்.

சூசை அடியெடுத்து வைக்குமுன் சாமியைக் கோயிலுக்குள், பூசை உடுப்பு வைக்கும் சக்கிறிஸ்து அறைக்குக் கூப்பிட்டுப் போனேன். "சாமி, நாலாவதா ஒரு கேள்வி இருக்கு. நீங்க கேக்கல" என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

கண்ணாடி கழன்றது. "இப்பிடி அந்த அம்மாவுக்குச் சொல்லிக்குடுத்தது யாரு?"

"நான்தான் சாமி."

துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அதை மாட்டாமலே பேசினார். "ஏழு வருஷமா மூணு கேள்வி கேட்டு மூணு பதில் வாங்கிருக்கேன். ஊத்துனது யாரு, சொன்னது யாருன்னு நானும் கேக்கல. ஒன்ன ஏசுனா என்னயும் சேத்துல்ல ஏசணும்." பிறகு எழுந்தார். "வா, போயி கேப்போம்."

அப்படியே கேட்காமல் விட்டிருந்தால் ஊரே கும்பிட்டிருக்கும். அவர் கேட்கப் போனார். சூசையிடம் "கொஞ்சம் பொறுப்பா" என்று மட்டும் சொன்னார். திறந்த கேட்டுக்கு வெளியே அவன் பிள்ளையோடு மறுபடி நின்றான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.

வீட்டில் ஞானசௌந்தரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். லாத்தா பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. சாமி வாசற்படிக்கு வெளியிலேயே தரையில் உட்கார்ந்தார்.

"அம்மா, நடந்தத நடந்தபடி சொல்லுங்க. சொம்பு யாரு கையில இருந்துச்சு?"

"என் கையிலதான் சாமி."

"ஊத்துனது?"

லாத்தா தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டது. "சாமி, அன்னைக்கித் தலைவர் வீட்டுல ஊத்திட்டு வந்து ஏழு வருஷமா எனக்கு உறுத்தல். வார்த்தைய நான் சொல்லலன்னாலும் கை என் கைதானன்னு. இன்னைக்கி சொம்பத் தூக்கிட்டேன். சாய்க்க மனசு வரல. அப்பிடியே நிக்கிறேன். இவ பாட்டுக்குச் சொல்ல ஆரம்பிச்சுட்டா. சொல்லிக்கிட்டே படக்குன்னு என் மணிக்கட்டப் புடிச்சு இழுத்தா பாருங்க..." என்று வலது கையை நீட்டியது.

மணிக்கட்டில் நாலு நகம் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது.

சாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். அவ்வளவு நேரம் அவர் ஒரு கையைப் பார்த்து நான் கண்டதில்லை. பிறகு உள்ளே பார்த்து மெதுவாகக் கேட்டார். "ஆத்தா, சாய்ச்சது யாரு?"

ஞானசௌந்தரி திரும்பாமலே சொன்னாள். "நான்தான் சாமி. லாத்தா யோசிச்சுக்கிட்டு நின்னாக. எனக்கு யோசிக்க நேரமில்ல."

"சொல்லும்போதே சாய்ச்சியா, சொல்லி முடிச்சா?"

"சொல்லும்போதேதான். பரிசுத்த ஆவின்னு சொல்றப்ப அவன் நெத்தியில தண்ணி ஓடுச்சு. கண்ண ஒருக்கா சுருக்குனான்."

சாமி எழுந்திருக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "செல்லும்" என்றார். சூசை நிற்கிற கேட்டுக்கு அவரே முன்னால் நடந்தார்.

பிள்ளையை மதிலுக்கு உள்ளே, கிழக்கு ஓரத்தில் வைத்தோம். மிக்கேல் முதல் கைம்மண் போட்டார். எதிலும் முன்கொம்பு அவருக்கு வேண்டும்.

பதிவேட்டில் எழுதும்போது, சாட்சி என்று லாத்தாவின் பெயரைப் போடலாமா என்று சாமி கேட்டு அனுப்பினார். லாத்தா பதறிவிட்டது. "என் பேரை எழுதிப்புடாதீக உபதேசியாரே. எங்க ஊருலயும் கமிட்டி இருக்கு." கடல் தெரிகிற இடமெல்லாம் கமிட்டியும் தெரியும் போல. சாட்சி என்ற இடத்தில் "மருத்துவச்சி" என்று மட்டும் எழுதினேன். ஞானஸ்நானம் கொடுத்தவர் என்ற இடத்தில் அதுவரை சாமியார்கள் பெயரும், ஒன்றிரண்டு உபதேசியார்கள் பெயரும் இருந்தன. அதன்கீழ் ஞானசௌந்தரி என்று எழுதினேன்.

மிக்கேலின் பேத்திக்கு ஒரு வாரநாளில், கோயில் கதவைச் சாத்திக்கொண்டு, "நீ முன்னமே ஞானஸ்நானம் பெறாதிருந்தால்" என்ற நிபந்தனையோடு மறுபடி தண்ணீர் ஊற்றினோம். "எத்தன தரம் தாத்தா தல குளிப்பாட்டுவாக?" என்று அவள் சத்தமாகக் கேட்டாள். தலைவர் மேற்கூரையைப் பார்த்தார். நான் வீடு வீடாகப் போய், முன்பு சொன்னது தப்பு என்று எல்லாப் பெண்களிடமும் திருத்திச் சொன்னேன். சாலமோன் ராஜா என்னோடு வரவில்லை. அன்றிலிருந்து சாமி நாலு கேள்வி கேட்டார்.

மூத்தவனே, உன் கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. திருச்சபை என்றால் மதில் கட்டுகிற மிக்கேல் என்று நீ நினைக்கிறாய். வாசலில் தரையில் உட்கார்ந்து ஒரு மணிக்கட்டைப் பார்த்தவரையும் அதே பெயரில்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது. நான் என்ன செய்ய?

நாற்பது நாள் கழித்து ஞானசௌந்தரி கோயிலுக்கு வந்தாள். பூசை முடிந்தும் போகவில்லை. பதிவேட்டைப் பார்க்கலாமா என்றாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. பக்கத்தைத் திறந்து வைத்தேன்.

"இதுல எது அவன்?"

அந்தோணி என்ற பெயரில் அவள் கட்டைவிரலை வைத்துக் காட்டினேன்.

"எது நான்?"

வரிசையின் அந்தக் கோடியைக் காட்டினேன். கட்டைவிரலை எடுக்காமல் கையை விரித்துச் சுண்டுவிரலைத் தன் பெயரில் வைத்தாள். கை சரியாக எட்டியது. 

"ஒரு சாண்தான் இருக்கு" என்றாள்.